ஒரே ஆர்டர், ஐந்து ப்ராஜெக்ட்: முடிச்சு எங்கே போட வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராணிப்பேட்டை சிப்காட், முகுந்தராயபுரம் பக்கத்து ஃபேப்ரிகேஷன் ஷெட்களிலும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத் தோல், ஷூ கம்பெனிகளிலும் வேலைத் திட்டத்தைக் கணினியில் போட்டு வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட், ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ், ரெட்மைன், ஜிரா, ஆசனா, ட்ரெல்லோ என்று ஆளுக்கொன்று. ஆனாலும் "பிளேட் எப்ப வரும்?" என்ற கேள்விக்குப் பதில் பல இடங்களில் இன்னமும் வாட்ஸ்அப்பிலும் முதலாளியின் ஞாபகத்திலும்தான் இருக்கிறது. மென்பொருள் சரியில்லை என்று அடுத்த ஆண்டு வேறொன்று வாங்குகிறார்கள். அதிலும் அதே கதை நடக்கிறது.

தொடர்புள்ள வேலைகளைத் தனித்தனி ப்ராஜெக்ட்டாகப் பிரித்துவிட்டு, அவற்றுக்கு இடையிலுள்ள தொடர்பை எங்கும் பதியாமல் விடுவதுதான் இதற்குக் காரணம். சிலர் இதற்கு நேர்மாறாக எல்லா வரியையும் எல்லா வரியோடும் கட்டிப் போடுகிறார்கள். முதல் வகையில் தேதி நகர வேண்டிய நேரத்தில் நகராது, இரண்டாவது வகையில் தொட்டதற்கெல்லாம் நகரும். இரண்டிலும் ஷாப் (பட்டறை) ஆட்கள் கொஞ்ச நாளில் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். ஒரு வேலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்தில் மட்டும் இணைப்புப் போட வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதை எப்படிச் செய்வது என்பதைத் திட்டமிடல் பிரிவில் வேலை செய்பவர்களுக்குப் பயன்படும்படி எழுதுகிறோம்.

முதலில் எதை ஒரு ப்ராஜெக்ட் என்று வைப்பது? பலர் துறைவாரியாகப் பிரிக்கிறார்கள். டிசைன் ஒன்று, பர்ச்சேஸ் ஒன்று, ஷாப் ஒன்று, குவாலிட்டி ஒன்று, டிஸ்பாட்ச் ஒன்று. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். சில மாதத்தில் பர்ச்சேஸில் நூற்றுக்கணக்கான வரி சேர்ந்துவிடும். எது எந்த ஜாப்புக்கு (ஆர்டருக்கு) என்று தேடவே தனியாக ஓர் ஆள் வேண்டும். இதற்குச் சுலபமான சோதனை ஒன்று உண்டு: இந்த வேலைக்கு முடியும் தேதி இருக்கிறதா? வாடிக்கையாளருக்கு அனுப்பி, பில் போட்டு முடிகிற ஆர்டர் என்றால் அது ப்ராஜெக்ட். மெஷின் பராமரிப்பு, டூல் ரூம் வேலை, ஸ்டோர்ஸ் வாங்கல் போல முடிவில்லாமல் ஓடுவது என்றால் அது வெறும் வரிசை. வரிசைக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி போட்டு, வேலைகளைக் காலப் பட்டைகளாகக் காட்டும் கான்ட் படம் வரைவது வீண் உழைப்பு. அதற்கு ஒரு பலகையும், யார் முன்னால் யார் பின்னால் என்ற ஒழுங்கும் இருந்தால் போதும். துறையின் பெயரை ப்ராஜெக்ட்டாக வைக்காமல், ஒவ்வொரு வேலையிலும் ஒரு புலமாக, அதாவது ஃபீல்டாக வையுங்கள். பிறகு பர்ச்சேஸ்காரர் தன் வேலையை மட்டும் வடிகட்டி எல்லா ஜாப்பிலும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய ஆர்டருக்குத் தாய் ப்ராஜெக்ட் ஒன்று, அதன் கீழே துணை ப்ராஜெக்ட்கள். தனிப் பொறுப்பாளரும் தனி ஆய்வுக் கூட்டமும் இருக்கும் இடத்தில் மட்டும்தான் துணை ப்ராஜெக்ட் தேவை. இரண்டு அடுக்குக்கு மேல் போக வேண்டாம். மூன்றாவது அடுக்கைத் திறந்து பார்ப்பவர் அதை உருவாக்கியவர் ஒருவர்தான். பதினைந்து இருபது வேலைக்குள் முடியும் சின்ன ஜாப் என்றால் தனி ப்ராஜெக்ட்டே வேண்டாம், அந்த மாதத்துச் சில்லறை ஜாப் ப்ராஜெக்ட்டில் ஒரு தலைப்பு வேலையாகப் போட்டுவிடலாம்.

பெயர் வைப்பதில் ஜாப் நம்பர் முதலில் வரட்டும், பிறகு பொருள், பிறகு வாடிக்கையாளரின் சுருக்கம். "2417 ஃபீட் டேங்க்" என்றால் எந்தப் பட்டியலிலும் அது தன் இடத்தில் நிற்கும். "பாய்லர் புதுசு", "பாய்லர் ஃபைனல்", "பாய்லர் ஃபைனல் 2" என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து வைத்தவருக்கே தெரியாது. வைத்த பெயரை நடுவில் மாற்றவும் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

அடுத்தது நகல் எடுக்கும் வியாதி. பர்ச்சேஸ் ப்ராஜெக்ட்டில் "பிளேட் வரவு" என்று ஒரு வரி இருக்கும். ஷாப் சூப்பர்வைசர் தனக்கும் தெரிய வேண்டும் என்று அதையே தன் ப்ராஜெக்ட்டில் இன்னொரு வரியாக அடித்துக்கொள்வார். குவாலிட்டியும் ஒன்று போடும். இப்போது ஒரே பிளேட்டுக்கு மூன்று நிலை: ஒன்றில் முடிந்தது, ஒன்றில் காத்திருப்பு, ஒன்றில் போன மாதத் தேதி. எதை நம்புவது? ஒரு வேலை ஒரே இடத்தில்தான் வாழ வேண்டும், அதைச் செய்பவருடைய ப்ராஜெக்ட்டில். மற்றவர்கள் இணைப்பு வழியாகப் பார்க்கட்டும். ஆசனாவில் ஒரே வேலையை இரண்டு மூன்று ப்ராஜெக்ட்டில் சேர்க்கும் வசதி உண்டு. அது நகல் ஆகாது, ஒரே வேலை இரண்டு இடத்தில் தெரிகிறது, ஒரு பக்கம் முடித்தால் மறுபக்கமும் முடியும். ஆனால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. வேலைக்குள் போடும் துணை வேலைகள் தாமாக அந்த ப்ராஜெக்ட்டின் உறுப்பாக ஆகிவிடுவதில்லை. ப்ராஜெக்ட்டின் பட்டியலை மட்டும் பார்த்து வேலை சொல்பவர் அவற்றைத் தவறவிடுவார். ட்ரெல்லோவில் கார்டை காப்பி செய்தால் அது முற்றிலும் தனிக் கார்டு. ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று நகராது.

இனி இணைப்பு. ஒவ்வொரு துணை ப்ராஜெக்ட்டிலும் வெளியாருக்குத் தெரிய வேண்டிய மைல்கற்கள் நான்கிலிருந்து ஆறு வரை இருந்தால் போதும். மைல்கல் என்றால் கால அளவு பூஜ்யமான வேலை. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் கால அளவை 0 என்று போட்டால் அது கறுப்பு வைரக் குறியாக மாறும். இரண்டு ப்ராஜெக்ட்டுக்கு இடையிலான இணைப்பு எப்போதும் இந்த மைல்கற்கள் வழியாகவே போக வேண்டும், உள்ளே இருக்கும் வேலைகளைத் தொடக் கூடாது. உள் வேலைகளை அந்தந்தப் பொறுப்பாளர் வாராவாரம் பிரிப்பார், சேர்ப்பார், அழிப்பார். அது அவர் உரிமை. அடுத்த ப்ராஜெக்ட்காரர் அவருடைய உள் வேலை ஒன்றில் கொக்கி போட்டிருந்தால், அந்த வரியை அழிக்கும்போது இணைப்பும் சேர்ந்து போகும். யாருக்கும் தெரியாது. தேதி தவறிய பிறகுதான் தேடுவார்கள்.

மைல்கல்லின் பெயர் செயலைச் சொல்லாமல் நிலையைச் சொல்ல வேண்டும். பிளேட்டையே எடுத்துக்கொள்வோம். எஸ்ஏ 516 கிரேடு 70 எனும் பாய்லர் தரத் தகடு லாரியில் வந்து கேட்டில் நிற்பது வேலை முடிந்ததாகாது. உருக்காலை தரும் மில் டெஸ்ட் சான்றிதழ் வர வேண்டும், அதிலுள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்குத் தொகுதி என்று சொல்லும் எண்) தகட்டில் குத்தியிருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும், தேவைப்பட்டால் வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், அதற்குப் பிறகுதான் கட்டிங்குக்கு விடலாம். லாரி வந்த நாளுக்கும் கட்டிங்குக்கு விட்ட நாளுக்கும் நடுவே சில நேரம் ஒரு வாரம்கூட ஓடிவிடும். "பிளேட் வரவு" என்று பெயர் வைத்து அதோடு கட்டிங்கை இணைத்தால், திரையில் கட்டிங் தொடங்கிவிடும், தகடு யார்டில் மழையில் கிடக்கும். "பிளேட் வெட்ட அனுமதி" என்று வையுங்கள். யார் அதை முடிந்தது என்று குறிப்பது என்பதையும் அங்கேயே எழுதுங்கள். வாங்கியவர் குறிக்கக் கூடாது, குவாலிட்டிதான் குறிக்க வேண்டும்.

இணைப்புப் போடாமல் விட்டால் எவ்வளவு வலிக்கும் என்பதற்குப் அழுத்தம் தாங்கும் கலன்கள் செய்யும் பாத்திர வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் இன்சுலேஷன் கிளீட். கொதிகலன், பிரஷர் வெஸ்ஸல் மேலே இன்சுலேஷனைத் தாங்கும் சின்னச் சின்னத் தகட்டுத் துண்டுகள். எடை கிலோ கணக்கில்கூடத் தேறாது. அதன் டிராயிங் பெரும்பாலும் வேறு ஒரு குழுவிடமிருந்து, இன்சுலேஷன் அல்லது சைட்டில் நிறுவும் எரெக்ஷன் பிரிவிலிருந்து வரும். அவர்கள் கணக்குப்படி அது கடைசி வேலை, அவசரமில்லை. ஆனால் அந்தக் கிளீட்டைப் பாத்திரத்தின் உடலான ஷெல்லில் வெல்டு செய்தாக வேண்டும், ஷெல்லுக்கு ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (வெல்டிங்கால் உள்ளே தங்கும் இறுக்கத்தைச் சூடேற்றித் தளர்த்துவது) உண்டென்றால் வெல்டிங் எல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். கார்பன் ஸ்டீலுக்கு ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோய், 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் வைத்து, மெதுவாக ஆறவிடும் வேலை அது. அதற்குப் பிறகு வெல்டு வைத்தால், தயாரிப்பு விதிநூல் (கோடு) தரும் விதிவிலக்கில் அடங்கவில்லை என்றால் மறுபடியும் ஃபர்னஸ், அதாவது உலை. கையளவுத் துண்டின் டிராயிங் தாமதமானதற்காகப் பத்து டன் பாத்திரம் காத்திருக்கும். இரண்டு குழுவின் திட்டமும் தனித்தனியே பார்த்தால் சரியாகவே இருக்கும். "கிளீட் டிராயிங் வெளியீடு" என்ற மைல்கல்லை ஷாப் ப்ராஜெக்ட்டின் "வெல்டிங் நிறைவு, ஃபர்னஸுக்குத் தயார்" என்பதோடு இணைத்திருந்தால், டிசைன்காரரின் திரையிலேயே அந்த டிராயிங் சிவப்பாகத் தெரிந்திருக்கும்.

இணைப்பில் நான்கு வகை உண்டு என்று பாடப் புத்தகம் சொல்கிறது. முடிந்தால் தொடங்கு, தொடங்கினால் தொடங்கு, முடிந்தால் முடி, தொடங்கினால் முடி. ப்ராஜெக்ட்டுக்கு ப்ராஜெக்ட் போடும்போது முதல் வகை ஒன்றே பெரும்பாலும் போதும். ஆனால் ஷாப்புக்குள்ளே எல்லாவற்றையும் முதல் வகையாகவே போட்டால் திட்டம் நீண்டுகொண்டே போகும். நான்கு ஷெல்லில் முதல் ஷெல் ஃபிட்-அப் ஆனதும் (துண்டுகளைப் பொருத்தி நிறுத்தியதும்) வெல்டர் உட்கார்ந்துவிடுவார், நாலும் முடியட்டும் என்று எந்த ஷெட்டிலும் காத்திருப்பதில்லை. அங்கே "தொடங்கினால் தொடங்கு" போட்டு, நடுவில் இரண்டு நாள் இடைவெளி கொடுக்க வேண்டும். மூன்றாவது வகை டாக்குமென்ட் கோப்புக்குப் பொருந்தும். கோப்பு முதல் நாளிலேயே தொடங்கலாம், ஆனால் பெயின்ட் ரிப்போர்ட் வராமல் முடியாது. நான்காவது வகையை நம் வேலையில் தொட வேண்டிய அவசியம் வராது.

இடைவெளி நாளில் ஒரு நுட்பம் உண்டு. பெயின்ட் காய்வதற்கு இரண்டு நாள் என்று மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் எண்ணுக்குப் பின்னால் ஆங்கில "டி" எழுத்தை மட்டும் போட்டால் அது வேலை நாள் கணக்கு. பெயின்ட் ஞாயிற்றுக்கிழமையும் காயும், அதற்கு லீவு கிடையாது. "டி"க்கு முன்னால் "இ" எழுத்தையும் சேர்த்தால் இரவு பகல், விடுமுறை எல்லாம் சேர்ந்த ஓடும் நாள் கணக்கு வரும். சனிக்கிழமை மாலை பூசியது முதல் கணக்கில் செவ்வாய் மாலை காயும், இரண்டாவதில் திங்கள் மாலையே தயார். லாரி புக் செய்யும் நாளில் இந்த ஒரு நாள் பெரிது.

இதே மென்பொருளில் புதிதாக வருபவர்கள் விழும் மூன்று குழிகளைச் சொல்லாமல் விட முடியாது. 2010 பதிப்பிலிருந்து புதிய வேலைகள் தாமாகவே "மேனுவலி ஷெட்யூல்டு" என்றுதான் உருவாகின்றன. முந்தைய வேலை பத்து நாள் தள்ளினாலும் அது நகராது, தேதிக்குக் கீழே சிவப்பு அலைக்கோடு மட்டும் வரும். கீழ்ப்பட்டையில் அதை "ஆட்டோ ஷெட்யூல்டு" என்று மாற்றிவிட்டுத்தான் முதல் வரியையே அடிக்க வேண்டும். இரண்டாவது, தொடக்கத் தேதிக் கட்டத்தில் கையால் தேதி அடிப்பது. அடித்த உடனே "இந்தத் தேதிக்கு முன் தொடங்காதே" என்ற கட்டு அந்த வேலைமேல் விழுந்துவிடும். பிளேட் ஒரு வாரம் முன்பே வந்தாலும் கட்டிங் முன்னே வராது. "கன்ஸ்ட்ரெயின்ட் டைப்" என்ற பத்தியைத் திரையில் வரவழைத்து, "ஆஸ் சூன் ஆஸ் பாஸிபிள்" அல்லாதவற்றை ஒவ்வொன்றாகக் கேள்வி கேளுங்கள். வாடிக்கையாளர் சொன்ன தேதியை "டெட்லைன்" புலத்தில் போடுங்கள். அது வேலையைக் கட்டாது, தேதி தாண்டினால் எச்சரிக்கும். மூன்றாவது காலண்டர். கூடவே வரும் ஸ்டாண்டர்ட் காலண்டரில் சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறை. ஆறு நாள் ஓடும் ஷெட்டுக்கு அது ஒவ்வொரு வாரமும் ஒரு நாளைத் தின்றுவிடும். நம் ஊர்களில் வாராந்திர விடுமுறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரம்ஜான், பொங்கல் நாட்களில் யார் எத்தனை நாள் மூடுவார்கள் என்பதும் மாறும். வெளியே கொடுக்கும் வேலைக்கு அந்த வெண்டரின் காலண்டரைத்தான் போட வேண்டும். வெல்டைக் கதிரால் படமெடுத்துச் சோதிக்கும் ரேடியோகிராபி, கதிர்வீச்சுப் பாதுகாப்புக்காக ஆள் நடமாட்டம் இல்லாத இரவில் நடக்கிறது, அதற்கும் தனிக் காலண்டர்.

பல கோப்புகளை ஒன்றாகப் பார்க்க, வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, "ப்ராஜெக்ட்" தாவலில் "சப்ப்ராஜெக்ட்" அழுத்தி ஒவ்வொரு ஜாப் கோப்பையும் உள்ளே கொண்டுவாருங்கள். அப்போது "லிங்க் டு ப்ராஜெக்ட்" பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிக் இல்லையென்றால் உள்ளே வருவது நகல். பிறகு இரண்டு கோப்பு வேலைகளையும் வழக்கம்போல இணைக்கலாம். அடுத்த கோப்பிலிருக்கும் வேலை இந்தக் கோப்பில் சாம்பல் நிறத்தில் தெரியும். இந்த இணைப்பு கோப்பின் பாதையையும் பெயரையும் வைத்தே ஓடுகிறது. கோப்பைப் பென் டிரைவில் எடுத்துப்போய்த் திருத்தி, வேறு பெயரில் சேமித்தால் இணைப்பு அறுந்தது. பெயரை மாற்றாதீர்கள் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான். எல்லாக் கோப்பும் ஒரே சர்வர் ஃபோல்டரில், எல்லாக் கணினியிலும் ஒரே டிரைவ் எழுத்தில் இருக்கட்டும். ஒரு கோப்பை மட்டும் திறந்து திருத்தினால் மற்றது உடனே மாறாது. அதைத் திறக்கும்போது "லிங்க்ஸ் பிட்வீன் ப்ராஜெக்ட்ஸ்" என்ற பெட்டி வந்து வித்தியாசத்தைக் காட்டும், ஏற்றால்தான் தேதி நகரும். அவசரத்தில் அந்தப் பெட்டியை மூடிவிடுபவர்களே அதிகம். எக்செல் புத்தகங்களை ஒன்றோடொன்று இணைத்து வைத்திருப்பவர்களுக்கும் பாதைப் பிரச்சினை இதேதான்.

செலவில்லாமல் தொடங்க நினைக்கும் சின்னக் கம்பெனிகளுக்கு ரெட்மைன் நல்லது. 2006-லிருந்து இருக்கும் கட்டற்ற மென்பொருள், அலுவலகத்தின் ஒரு பழைய கணினியிலேயே நிறுவி உள்வலையில் ஓட்டலாம். புதிய ப்ராஜெக்ட் உருவாக்கும்போது "சப்ப்ராஜெக்ட் ஆஃப்" என்ற இடத்தில் தாய் ப்ராஜெக்ட்டைத் தேர்ந்தெடுத்து, "இன்ஹெரிட் மெம்பர்ஸ்" டிக் செய்தால் ஆட்களை மறுபடி சேர்க்க வேண்டாம். ப்ராஜெக்ட் தாண்டி இணைக்கும் வசதி தானாக இயங்காது. அட்மினிஸ்ட்ரேஷன், செட்டிங்ஸ், இஷ்யூ டிராக்கிங் வழியாகப் போய் "அலவ் கிராஸ்-ப்ராஜெக்ட் இஷ்யூ ரிலேஷன்ஸ்" என்பதை டிக் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல், எதிர் வேலையின் எண்ணைப் போட்டும் ஏற்கவில்லை என்று புலம்புபவர்கள் உண்டு. பிறகு வேலையின் பக்கத்தில் "ரிலேட்டட் இஷ்யூஸ்" அருகே "ஆட்" அழுத்தி, உறவின் வகையையும் எதிர் வேலையின் எண்ணையும் கொடுக்கலாம். "ப்ரிசீட்ஸ்" என்றால் இது முடிந்த பிறகே அது, நடுவில் எத்தனை நாள் என்றும் போடலாம். முன்னது தள்ளினால் பின்னது தள்ளும். "பிளாக்ஸ்" என்றால் தேதி நகராது, ஆனால் தடுக்கும் வேலை முடியாமல் தடுக்கப்பட்டதை மூட விடாது. டிஸ்பாட்ச் மூடுவதற்கு முன் இன்ஸ்பெக்ஷன் சான்று வேண்டும் என்ற இடத்துக்கு இது கச்சிதம். "ரிலேட்டட் டு" வெறும் குறிப்பு. அதைத் தேதிக்காக நம்பாதீர்கள். விடுமுறையில் மட்டும் ரெட்மைன் கையைக் கட்டிவிடும். வாரத்தில் எந்தக் கிழமை விடுமுறை என்று சொல்லலாம், பொங்கல் மூன்று நாள் என்று தனித் தேதி சொல்ல அடிப்படை நிறுவலில் வழியில்லை. தை மாதத்தைத் தாண்டும் வேலைக்கு நாளைக் கையால் கூட்டித்தான் போட வேண்டும்.

மென்பொருள் எழுதும் குழுக்கள் விரும்பும் ஜிராவில் "பிளாக்ஸ்" என்று இணைத்தால் அது அடையாளம் மட்டுமே. சாதாரண அமைப்பில் தேதியும் நகராது, மூடுவதையும் தடுக்காது. பல ப்ராஜெக்ட் காலவரிசையை ஒன்றாகப் பார்க்கும் "பிளான்ஸ்" பிரீமியம் கட்டணத்தில் வருகிறது. ஒரே சொல் இரண்டு மென்பொருளில் இரண்டு விதமாக வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். புதிதாக வாங்கும்போது விற்பனையாளர் காட்டும் வண்ணப் படங்களை விட்டுவிட்டு, இரண்டு சோதனை ப்ராஜெக்ட் உருவாக்கச் சொல்லி, ஒன்றில் ஒரு தேதியைத் தள்ளி, மற்றதில் என்ன ஆகிறது என்று பத்து நிமிடம் பாருங்கள். வாங்கலாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தேதி இணைப்பு மட்டும் போதாத இடம், பல ஜாப்புக்கும் பொதுவான ஒரே மெஷின். ஃபர்னஸ் ஒன்றுதான். மூன்று ஜாப் திட்டமும் அதை அதே வியாழக்கிழமைக்குப் போட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் ஆட்கள், மெஷின்கள் மட்டும் கொண்ட தனிக் கோப்பை உருவாக்கி, ஒவ்வொரு ஜாப் கோப்பிலிருந்தும் "ரிசோர்ஸ் பூல்", "ஷேர் ரிசோர்சஸ்" வழியாக அதைப் பகிர்ந்தால் மோதல் சிவப்பில் தெரியும். எங்களுக்கு அதைவிட எளிய வழிதான் பிடிக்கும். ஃபர்னஸுக்கென்றே ஒரு வரிசை வைத்து, ஒரு சார்ஜுக்கு (ஃபர்னஸை ஒரு முறை ஏற்றிச் சூடாக்குவதற்கு) ஒரு வரி. ஜாப் ப்ராஜெக்ட்கள் அந்த வரியோடு இணையட்டும். ஒரே தடிமனுள்ள இரண்டு ஜாப்பை ஒரே சார்ஜில் ஏற்ற முடியுமா என்பது அங்கேதான் கண்ணில் படும். எந்த மென்பொருளும் அதை யோசித்துச் சொல்லாது. ரேடியோகிராபி வெண்டருக்கும், பெரிய கிரேனுக்கும் இதே வழி.

ஷூ பக்கம் வந்தால் கைமாறும் இடங்கள் வேறு. லாஸ்ட் (கால் வடிவ அச்சு), கட்டிங் டை (தோலை வெட்டும் அச்சு), சோல் மோல்டு, தோல் நான்கும் நான்கு இடத்திலிருந்து வரும். வழக்கமாக ஆண்கள் ஷூவுக்கு 42, பெண்களுக்கு 37 என ஒரு சைஸில் சாம்பிள் செய்து வாங்குபவர் ஒப்புதல் தந்த பிறகுதான் மற்ற சைஸுக்கு கிரேடிங் (அளவைக் கூட்டிக் குறைப்பது) போக வேண்டும். நேரம் மிச்சம் என்று முன்பே எல்லா சைஸுக்கும் மோல்டு திறந்துவிட்டால், வாங்குபவர் டோ (ஷூவின் முன்முனை) வடிவத்தை மாற்றச் சொல்லும்போது அத்தனையும் இரும்புக் கடைக்கு. "சாம்பிள் ஒப்புதல்" என்ற ஒரே மைல்கல்லில் இந்த நான்கையும் கட்டிவிடலாம். தோலில் மட்டும் இரண்டு புள்ளி வேண்டும். க்ரஸ்ட் நிலை (பதனிட்டு உலர்த்திய, ஃபினிஷிங்குக்கு முந்தைய நிலை) வரை நிறம் தெரியாமலே போகலாம், ஃபினிஷிங் நிறம் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். இதைப் பிரிக்காமல் "தோல் தயார்" என்று ஒரே வரி போடுவதால்தான் டேனரி சும்மா நிற்கிறது. பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றானது, ஒரு ஜோடி ஷூவின் பாதை மட்டும் இன்னும் மூன்றையும் சுற்றித்தான் வருகிறது.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. எதிர் ப்ராஜெக்ட்டைப் பார்க்கும் உரிமை இல்லாதவருக்கு இணைப்பின் மறுமுனை தெரியாது. தன் வேலை எதனால் நிற்கிறது என்று அறியாமலே உட்கார்ந்திருப்பார். பக்கத்துத் துறைகளுக்குப் பார்வை உரிமையையாவது கொடுத்துவிடுங்கள். வெளி வெண்டருக்கு மட்டும் தனித் துணை ப்ராஜெக்ட், அதில் விலையோ வாடிக்கையாளர் பெயரோ இருக்கக் கூடாது. அவருக்குத் தெரிய வேண்டியது அவர் கொடுக்கும் தேதியும் அவர் பெறும் தேதியும்தான்.

பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் கிரிட்டிக்கல் பாத் (முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் மிக நீண்ட வேலைத் தொடர்) கணக்குப் போடாத மாணவர் இல்லை. 1957-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனிக்காக உருவான முறை அது. ஒரே தாளில் பத்துப் பன்னிரண்டு வட்டம், விடை ஒரு வரி. நிஜத்தில் அந்தப் பாதை டிசைனில் தொடங்கி, பர்ச்சேஸில் புகுந்து, ஃபர்னஸ் வரிசையில் காத்திருந்து வெளியே வருகிறது. இரண்டு கோப்புகளை இணைத்து, ஒன்றில் தேதியைத் தள்ளி, மற்றதில் பாதை எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஒரே ஒரு செய்முறை வகுப்பை வேலூர், இராணிப்பேட்டை வட்டாரக் கல்லூரிகள் சேர்த்தால், வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் முதல் மாதம் சொல்லிக் கொடுப்பது மிச்சமாகும். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் எல்லா ஜாப்பும் சேர்ந்த தாய்க் கோப்பில் முழுப் பாதையும் ஒரே கோடாகத் தெரிய, ஆப்ஷன்ஸில் "இன்சர்ட்டட் ப்ராஜெக்ட்ஸ் ஆர் கால்குலேட்டட் லைக் சம்மரி டாஸ்க்ஸ்" டிக் ஆகியிருக்க வேண்டும் என்பதை ஆசிரியர்கள் கவனிக்கட்டும். அது இல்லையென்றால் ஒவ்வொரு ஜாப்பும் தன் பாதையைத் தனியாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

இணைத்த பிறகு வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். எல்லா வேலையையும் வாசிக்கும் கூட்டம் வேண்டாம். அடுத்த மூன்று வாரத்துக்குள் வரும் கைமாற்ற மைல்கற்களை மட்டும் வடிகட்டி, கொடுப்பவரையும் பெறுபவரையும் எதிரெதிரே உட்கார வையுங்கள். கொடுப்பவரிடம் தேதி கேளுங்கள். பெறுபவரிடம் "அந்தத் தேதிக்கு வந்தால் போதுமா?" என்று கேளுங்கள். பல நேரம், ஒரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை என்ற பதில் வரும். கொடுப்பவர் ஓவர்டைம் போட்டுக்கொண்டிருப்பார். தேதி மாறினால் அந்த இடத்திலேயே திரையில் மாற்ற வேண்டும். நோட்டில் குறித்துக்கொண்டு பிறகு ஏற்றலாம் என்றால் அது ஏறாது. மாற்றுபவர் காரணத்தையும் ஒரு வரி எழுதட்டும்.

ஜாப் போய்ச் சேர்ந்த பிறகு ப்ராஜெக்ட்டை அழிக்காதீர்கள். ரெட்மைனில் "க்ளோஸ்" செய்தால் யாரும் மாற்ற முடியாது, ஆனால் படிக்க முடியும். "ஆர்க்கைவ்" செய்தால் பார்வையிலிருந்தே மறைந்துவிடும், அதைச் சுட்டும் இணைப்புகளும் கண்ணில் படாது. உத்தரவாதக் காலத்தில் வாடிக்கையாளர் ஒரு வெல்டு பற்றிக் கேட்டால், ஹீட் நம்பரிலிருந்து ஃபர்னஸ் சார்ட் (சூட்டின் பதிவுத் தாள்) வரை அந்த இணைப்புகள் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். அந்தக் காலம் முடியும்வரை க்ளோஸ் மட்டும் செய்து வையுங்கள்.

இப்படிக்கு,
திட்டமிடல் பிரிவு ஊழியர்கள் சிலர்,
இராணிப்பேட்டை.